பழைய வேட்டை ரைஃபிள்: காப்பதா, செப்பனிடுவதா, முழுதாகப் புதுப்பிப்பதா?

எண்பது, நூறு ஆண்டுப் பழைய வேட்டை ரைஃபிள் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. குழலின் கருநீலம் (எஃகைக் காக்க ஏற்றிய கருநீலப் பூச்சு) மங்கிப் பழுப்பேறி, இரண்டு மூன்று இடத்தில் துரு பிடித்திருக்கிறது. மரக்கட்டையின் கழுத்து எண்ணெய் ஊறிக் கறுத்துவிட்டது. பிடிமானத்துக்காக வெட்டிய செக்கரிங் கோடுகளில் அழுக்கு அடைந்து வழவழவென்று கிடக்கிறது. பார்த்தவுடன் கை உப்புத்தாளைத்தான் தேடும். அதற்கு முன் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

வழிகள் மூன்று. துருவை மட்டும் நிறுத்தி, இருக்கும் மேற்பரப்பை அப்படியே காப்பது ஒன்று. கெட்ட இடத்தை மட்டும் சரிசெய்துவிட்டு மற்றதைத் தொடாமல் விடுவது இரண்டாவது. இரும்பையும் மரத்தையும் வெறுமையாக்கி, முதலிலிருந்து பூச்சு ஏற்றுவது மூன்றாவது. எங்கள் சாய்வை மறைக்கவில்லை: முதல் வழியில் தொடங்குங்கள். அங்கிருந்து மூன்றாவதற்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். மூன்றாவதிலிருந்து திரும்பி வர வழியே இல்லை. தேய்த்து எடுத்த எஃகும் மழுங்கிப்போன எழுத்தும் மீண்டும் முளைக்காது.

முடிவுக்கு முன் பார்க்க வேண்டியவை

சேம்பரையும் (குழலில் தோட்டா உட்காரும் அறை) மேகசினையும் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு, குண்டு இல்லை என்று உறுதிசெய்வது முதல் வேலை. அடுத்து, வெளி அழகைப் பற்றி யோசிக்கும் முன் உள்ளே பார்க்க வேண்டும். குழலின் உட்புறம் கெட்டிருந்தாலோ ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா தடுத்து நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) கூடியிருந்தாலோ, வெளியே நாற்பது மணி நேரம் உழைத்தும் சுட உதவாத ரைஃபிள்தான் மிஞ்சும். அந்தக் கேலிபருக்கான (தோட்டா அளவுக்கான) கோ, நோ-கோ கேஜ்கள் என்ற அளவுக்கட்டைகள் இரண்டையும் போட்டுப் பாருங்கள். கோ கேஜில் போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடிப் பூட்டும் தண்டு) மூட வேண்டும்; நோ-கோ கேஜில் மூடக் கூடாது. மூடினால் வேலையை அங்கேயே நிறுத்தி, துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்ட வேண்டும். குழலில் பொறித்திருக்கும் கேலிபர் மீது சந்தேகம் இருந்தால், செர்ரோசேஃப் என்ற உலோகக் கலவையை உருக்கிச் சேம்பருக்குள் வார்த்து அச்சு எடுக்கலாம். கொதிநீரின் சூட்டுக்குக் கீழேயே உருகும் கலவை அது. ஆறும்போது முதலில் சுருங்கிப் பிறகு மெல்ல விரியும். வார்த்து ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் சேம்பரின் உண்மை அளவு கிடைக்கும். பத்து நிமிடத்திலேயே அளந்துவிட்டு, சேம்பர் சிறியது என்று ஏமாறுபவர்கள் உண்டு.

ரைஃபிளுக்கு ஏற்கெனவே யாராவது மறுபூச்சு போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது அடுத்தது. இந்த ஒரு விடை பாதி முடிவைச் சொல்லிவிடும். திருகுத் துளைகளின் விளிம்பு கிண்ணம்போலக் குழிந்திருந்தால் துணிச்சக்கரத்தில் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். எழுத்துகளின் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் வழிந்ததுபோலவும் தெரிந்தால் அதுவும் அதே அடையாளம். எண்கோணக் குழலின் முனைகள் நகத்தில் உரசாமல் வழுக்கினால் எமரித்தாளை வெறும் கையால் பிடித்துத் தேய்த்திருக்கிறார்கள். மரத்தைப் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த கட்டை, ரிசீவரை (குழலும் போல்ட்டும் பொருந்தும் உலோக உடல்) தொடும் இடத்தில் உலோகத்தைவிட ஒரு மயிரிழை உயர்ந்தே நிற்கும். மரம் தாழ்ந்து, பின்தகட்டின் (தோளில் படும் முனையிலுள்ள தகடு) விளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது உப்புத்தாள் பட்ட கட்டை. இவை எதுவும் இல்லாமல் பழுப்பும் கீறலுமாக மட்டும் இருக்கும் ரைஃபிள் அரிதானது. அதைத் தேய்க்கக் கை வரக் கூடாது.

திருகுகளை அவிழ்க்கும்போதே பல ரைஃபிள்களின் மதிப்பு போய்விடுகிறது. சாதாரண ஸ்க்ரூடிரைவரின் முனை ஆப்புபோலச் சரிந்திருக்கும். அது பள்ளத்தின் மேல் விளிம்பை மட்டுமே பிடிக்கும், அழுத்தினால் ஏறி நழுவும். பக்கங்கள் இணையாக அரைத்த முனை வேண்டும். அகலம் திருகுத் தலையின் அகலத்துக்குச் சரியாகவும், தடிமன் ஆட்டமில்லாமல் பள்ளத்தை நிரப்பும்படியும் இருக்க வேண்டும். இறுகிய திருகில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். அசையாவிட்டால் சாலிடரிங் அயர்னின் முனையைத் திருகுத் தலையில் இரண்டு மூன்று நிமிடம் வைத்துச் சூடேற்றி, ஆறியதும் முயலலாம். எந்தத் திருகு எந்தத் துளையிலிருந்து வந்தது என்று அட்டையில் துளையிட்டுச் செருகி வையுங்கள். பழைய ரைஃபிள்களில் பள்ளம் குழலின் நீளவாக்கில் நேராக நிற்கும்படி ஒவ்வொரு திருகையும் தனித்தனியே பொருத்தியிருப்பார்கள். இடம் மாறினால் அந்த ஒழுங்கு கெட்டுவிடும்.

தொடர் எண்ணையும் (அழுத்தச் சோதனையில் தேறியதைக் காட்டும்) சோதனை முத்திரைகளையும் தேய்க்கும் வேலை எதையும் செய்யாதீர்கள். பல நாடுகளில் தொடர் எண்ணை அழிப்பது தனிக் குற்றம். ரைஃபிளை வேறொருவர் பட்டறையில் விடுவதற்கும் உரிமச் சட்டம் என்ன சொல்கிறது என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

உலோகம்: கொதிக்கவைத்துத் துலக்குவது

முதல் வழியில் மிகச் சிறந்த முறை இது. ஆனால் அதிகம் பேர் இதை முயன்று பார்ப்பதில்லை. சிவப்புத் துருவும் கருநீலமும் இரண்டுமே இரும்பின் ஆக்ஸைடுகள்தாம். சிவப்பு, எஃகைத் தின்றுகொண்டே போகும். கறுப்பு மேக்னடைட் அப்படியே ஒட்டி நிற்கும். சிவப்புத் துருப் பிடித்த எஃகைக் கொதிநீரில் போட்டால் சிவப்பு கறுப்பாக மாறுகிறது. வினிகரோ பாஸ்பாரிக் அமிலமோ துரு நீக்கி ஜெல்லோ போட்டால், துருவோடு சேர்த்து எஞ்சியிருக்கும் பழைய கருநீலத்தையும் அவை கரைத்துவிடும், அதுவும் ஆக்ஸைடுதானே. கொதிநீர் பழைய கருநீலத்தைத் தொடுவதில்லை.

மரத்தையும் போல்ட்டையும் கழற்றிவிடுங்கள். தடித்த துருப்பொருக்கைச் செம்பு அல்லது பித்தளைச் சுரண்டியால், எண்ணெய் விட்டு எடுக்கலாம். பிறகு அசிட்டோனால் மும்முறை துடைக்க வேண்டும். எண்ணெய் மிச்சமிருந்தால் நீரின் மேல் மிதந்து, குழலை வெளியே எடுக்கும்போது படலமாக ஒட்டித் திட்டுத்திட்டாகக் காட்டும். குழலும் ரிசீவரும் முழுதாக மூழ்கும் நீளத் தொட்டியில் காய்ச்சி வடித்த நீர். குழாய் நீரிலுள்ள உப்புகள் வெள்ளைக் கறையாகப் படியும். நன்றாகக் கொதிக்கும் நீரில் 20 முதல் 30 நிமிடம். குழலின் இரு முனையையும் இறுக அடைத்துவிடாதீர்கள். உள்ளே காற்று விரிந்து அடைப்பு பீறிட்டு, கொதிநீரும் சேர்ந்து தெறிக்கும். கம்பியில் தொங்கவிட்டு எடுத்தால் சூட்டில் நீர் தானே உலர்ந்துவிடும். துருவிருந்த இடமெல்லாம் இப்போது கருப்பு வெல்வெட் போல இருக்கும். எண்ணெய் நீக்கிய 0000 (மிக மெல்லிய ரக) இரும்புப் பஞ்சாலோ மிக மெல்லிய கம்பிப் பிரஷ் சக்கரத்தாலோ மெதுவாகத் துலக்கினால் தூள் உதிர்ந்து, அடியில் ஒட்டிய கறுப்பு மட்டும் நிற்கும். எங்காவது சிவப்பு மிஞ்சினால் மறுபடி கொதிக்கவையுங்கள். இரண்டு, மூன்று முறைக்கு மேல் தேவைப்படுவது குறைவு. கடைசியில் உள்ளும் புறமும் எண்ணெய்.

இதில் துருக்குழிகள் நிரம்பாது, பழுப்பேறிய இடம் புத்தம் புதிய கருநீலம் ஆகாது. ஆனால் துரு நின்றுவிடும். எழுத்தும் விளிம்பும் ஒரு மயிரளவும் குறையாது. ஒரு நாளில் முடியும். இதற்குப் பிறகும் முழுப்பூச்சு வேண்டும் என்று தோன்றினால், இழந்தது எதுவுமில்லை.

துருக் கருநீலம், உப்புக் கருநீலம்

முழுதாகப் புதுப்பிக்க முடிவு செய்தால் போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். குளிர் கருநீலம் என்று குப்பியில் விற்பதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

துருக் கருநீலம் என்பது மேலே சொன்ன அதே வேதிவினையை வேண்டுமென்றே திரும்பத் திரும்பச் செய்வது. 320 முதல் 400 எண் தாள் வரை, தட்டைக் கட்டையில் சுற்றி, குழலின் நீளவாக்கில் தேய்த்த எஃகு வேண்டும். அதற்கு மேல் கண்ணாடிபோல் மெருகேற்றினால் கரைசல் கடிக்காது. எண்ணெய் நீக்கியபின் கையுறை இல்லாமல் தொடவே கூடாது. ஒரு கட்டைவிரல் ரேகை கடைசி வரை வெளிறிய திட்டாக நிற்கும். அமிலக் கரைசலில் நனைத்து நன்றாகப் பிழிந்த பஞ்சால், ஒரே இழுப்பாக, ஒரே முறை பூச வேண்டும். ஈரம் அதிகமானால் செம்பு நிறக் கோடுகள் விழும், கரைசல் தேங்கிய இடத்தில் எஃகு அரிக்கும். பிறகு ஈரப்பெட்டி. சுமார் 30 டிகிரி செல்சியஸ், 70 முதல் 80 சதவீத ஈரப்பதம். மென்மையான, சீரான செந்தூள் படர மூன்று மணி நேரமும் ஆகலாம், பன்னிரண்டும் ஆகலாம். முதல் சுற்றில் மெதுவாகத்தான் வரும். அவசரப்பட்டு இன்னொரு கை (பூச்சு) பூசுவதும், மறந்து ஒரு நாள் முழுக்க விடுவதும் இரண்டுமே குழியில் முடியும். அதன் பின் 15 நிமிடக் கொதிப்பு, துலக்கல், மறுபடி பூச்சு. ஐந்திலிருந்து எட்டு சுற்று.

முதல் சுற்று முடிந்து துலக்கியதும் குழல் மங்கிய சாம்பல் நிறத்தில், திட்டுத்திட்டாக, பார்க்கவே சோர்வு தரும். பலர் இங்கேதான் தவறு நடந்துவிட்டதென்று நினைத்து எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். இரண்டாவது சுற்றில் திட்டுகள் இணையும். நான்காவதில் கறுப்பு இறங்கும். ஐந்தாவதிலோ ஆறாவதிலோ, பக்கவாட்டு வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் ஒரு நீலம் தெரியும். அடுத்த சுற்றில் நிறம் மாறவில்லையென்றால் நிறுத்திக்கொள்ளலாம். கடைசிக் கொதிநீரில் சமையல் சோடா கொஞ்சம் கலந்து பத்து நிமிடம் வைத்தால் அமிலம் அடங்கும். சூடாக இருக்கும்போதே எண்ணெயில் தோய்த்து ஒரு இரவு விடுங்கள். மொத்தம் ஒரு வாரம் பிடிக்கும், மின்சாரமும் தொட்டியும் பொறுமையும் தவிரப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

பாதரசக் குளோரைடு சேர்த்த பழைய கரைசல் செய்முறைகள் இன்னும் சுற்றி வருகின்றன. அவற்றைத் தொடாதீர்கள். கொதிக்கும்போது எழும் ஆவி நஞ்சு.

உப்புக் கருநீலம் வேறு உலகம். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் நீரில் கரைந்த தொட்டி, சுமார் 135 முதல் 150 டிகிரி சூடு, 15 முதல் 30 நிமிடம், ஒரே முழுக்கில் முடிந்துவிடும். 1930களின் இறுதியில் தொழிற்சாலைகள் பல இதற்கு மாறியதற்குக் காரணம் இந்த வேகம்தான். ஆழ்ந்த கறுப்பும் பளபளப்பும் கிடைக்கும். எவ்வளவு மெருகேற்றினீர்களோ அவ்வளவு மின்னும். அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. மின்ன வைப்பதற்காகத் துணிச்சக்கரத்தில் போட்டால் விளிம்புகள் உருண்டுபோகும். தொட்டியில் ஒரு கோப்பைக் குளிர்நீர் தெரியாமல் கொட்டினால், நீர் கணத்தில் ஆவியாகி, கொதிக்கும் காரம் முகத்தில் தெறிக்கும். வீட்டில் செய்யத் தக்கதல்ல, பட்டறைக்குக் கொடுப்பதென்றால் கொடுக்கலாம்.

கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: ரைஃபிளில் ஈயப்பற்று வைத்த இடம் உண்டா? இரட்டைக்குழல் ரைஃபிள்களில் குழல்களுக்கு நடுவிலுள்ள பட்டையை ஈயப்பற்றால் இணைத்திருப்பார்கள். பல பழைய ஒற்றைக்குழல் ரைஃபிள்களில் குறிமுனையின் (குழல் முனையிலுள்ள குறிபார்க்கும் பாகம்) அடித்தளமும், பின்குறியின் பட்டையும் அப்படித்தான். அந்த வெப்பத்தில் ஈயம் உருகாது, ஆனால் காரம் அதை வேதியியலாகவே தின்னும். பட்டை அன்றே கழன்றாலும் பரவாயில்லை. உப்பு உள்ளே புகுந்து தங்கி, மாதக் கணக்கில் வெள்ளைப் பொருக்காகக் கசிந்து, வெளியே தெரியாமல் அரிப்பதுதான் கொடுமை. இரட்டைக்குழலுக்குத் துருக் கருநீலம் மட்டும்தான். அலுமினியப் பாகம் எதுவும் காரத் தொட்டிக்குள் போகவே கூடாது, கரைந்துவிடும். எஃகின் தன்மையும் விளையாடும். சில உலோகக் கலவை எஃகுகளும் வார்ப்பு ரிசீவர்களும் கறுப்புக்குப் பதிலாகக் கத்தரிப்பூ நிறத்தில் வெளியே வரும். 1964க்குப் பின் வந்த வின்செஸ்டர் 94 ரிசீவர்கள் வழக்கமான தொட்டியில் ஒழுங்காக நிறம் பிடிக்காததற்குப் பேர்போனவை.

காலப் பொருத்தம் பார்த்தால் விடை எளிது. 1930களின் நடுப்பகுதி வரை வந்த வேட்டை ரைஃபிளுக்குத் துருக் கருநீலம். அதற்குப் பின் வந்தவற்றுக்கு, தொழிற்சாலை எதைப் போட்டதோ அது. 1910இல் செய்த மௌசர் வேட்டை ரைஃபிள் உப்புத் தொட்டியின் பளபளப்போடு நிற்பதைப் பார்த்தால், பழகிய கண்ணுக்கு ஒரு நொடியில் உறுத்தும்.

குளிர் கருநீலத்துக்கு வருவோம். அது ஆக்ஸைடே அல்ல. செலீனியமும் செம்பும் கலந்த கரைசல் எஃகின் மேல் ஒரு மெல்லிய கறுப்புப் படிவை விடுகிறது. துருவைத் தடுக்கும் வல்லமை அதற்குக் கிட்டத்தட்ட இல்லை. கையும் உறையும் உரசும் இடத்தில் சில மாதத்தில் போய்விடும், கையில் ஒரு வாடையும் நிற்கும். முழுக் குழலுக்கு அதைப் பூசுவது வீண். ஒரு திருகுத் தலை, ஒரு கீறல், குறிமுனையின் ஓரம் என்றால் நல்ல துணை. உலோகத்தைக் கை பொறுக்கும் அளவு சூடாக்கிப் பூசினால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். கையுறை கட்டாயம்.

மணல் பீய்ச்சி, செராமிக் பூச்சு அடிப்பது மழையிலும் சேற்றிலும் அலையும் புதிய ரைஃபிளுக்குச் சரி. பழையதில் மணல் வீச்சு எழுத்துகளின் ஓரத்தை எல்லாம் மழுக்கிவிடும். பாஸ்பேட் பூச்சு ராணுவத் துப்பாக்கியின் உடை, வேட்டை ரைஃபிளுக்குப் பொருந்தாது.

சூடு படக் கூடாத பாகங்கள்

ரிசீவரில் நீலமும் பழுப்பும் வைக்கோல் மஞ்சளும் கலந்த அலை நிறம் பல பழைய ரைஃபிள்களில் இருக்கும். எலும்புக்கரியோடு சேர்த்துச் சிவக்கக் காய்ச்சி, நீரில் திடீரென முக்கியதால் வந்த நிறம் அது. நிறத்துக்காகச் செய்ததல்ல, மேல்தோலைக் கடினமாக்கச் செய்தது. அந்த நிறத்தைப் போலிசெய்ய வாயு விளக்கால் ரிசீவரைச் சூடாக்குபவர்கள் உண்டு. ரிசீவரும் போல்ட்டும்தான் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குபவை. கண்போன போக்கில் சூடேற்றினால் கடினம் இளகி, போல்ட் பதியும் இடம் அமுங்கத் தொடங்கும், ஹெட்ஸ்பேஸ் மெல்ல மெல்லக் கூடும். நிறம் மங்கியிருந்தால் மங்கியபடியே மெழுகு பூசி விடுங்கள்.

மௌசர் 98 ரிசீவரும் மேல்தோல் மட்டும் கடினமாக்கிய எஃகுதான். போல்ட்டின் பூட்டுப் பற்கள் பதியும் இடத்தில் அரமோ உப்புத்தாளோ போட வேண்டாம். ராணுவத் துப்பாக்கியிலிருந்து வேட்டைக்கு மாற்றிய ஸ்பிரிங்ஃபீல்டு 1903 என்றால் தொடர் எண்ணை முதலில் பாருங்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் செய்தது 8,00,000க்குக் கீழோ, ராக் ஐலண்டு ஆலையில் செய்தது 2,85,507க்குக் கீழோ இருந்தால், அந்த ரிசீவர் பழைய வெப்பப் பதத்தில் செய்தது; சிலவற்றில் எஃகு அதிகம் காய்ந்து, கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெற்றிருக்கிறது. மறுபடி பதம் பிடித்து அதைச் சரிசெய்ய முடியாது. அப்படிப்பட்டதைத் துலக்கி, எண்ணெயிட்டுச் சுவரில் வைக்கலாம். சுடுவதற்காகப் புதுப்பிக்க வேண்டாம்.

சின்னத் திருகுகளுக்கும் ஊசிகளுக்கும் மயில்கழுத்து நீலம் வேண்டுமென்றால் உருகிய நைட்ரேட் உப்புக் கலவையில் சுமார் 300 டிகிரியில் முக்கலாம். அதே சூடு ரிசீவருக்கும் போல்ட்டுக்கும் ஆகாது.

குழலின் உட்புறம்

பழைய தோட்டாக்களின் பிரைமரில் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு கூடு) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது பொட்டாசியம் குளோரைடாக, அதாவது ஈரத்தை இழுக்கும் உப்பாகக் குழலில் தங்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும். அது தெரியாமல் எண்ணெய் மட்டும் விட்டு வைத்த குழல்களில்தான் இன்று நாம் பார்க்கும் குழிகள்.

இலேசான குழி இருந்தால் வெண்கலப் பிரஷும் செம்புக் கரைப்பானும் போட்டுச் சுத்தம் செய்து, சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும். பார்க்கக் கறுத்த குழல் பலவும் வேட்டைக்குப் போதுமான துல்லியத்தோடு சுடும். உண்மையிலேயே கெட்டிருந்தால் மூன்று வழி. உட்குழல் செருகுவது .22 ரிம்ஃபயர் என்ற சிறு தோட்டாவுக்கும் அழுத்தம் குறைந்த பழைய தோட்டாக்களுக்கும் அருமையான தீர்வு. வெளியே எதுவும் மாறாது. அடுத்த பெரிய கேலிபருக்குக் குடைவது, குழலின் சுவர் தடிமனாக இருந்தால், வெளிப்புறத்தையும் எழுத்தையும் காக்கும். ஆனால் புதிய கேலிபரைக் குழலில் தெளிவாகப் பொறித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கைக்குப் போகும்போது விபத்து. குழலையே மாற்றினால் பழைய குழலை எறிந்துவிடாதீர்கள், ரைஃபிளோடு சேர்த்தே வையுங்கள்.

மரம்: கழுவுவதா, உரிப்பதா

கட்டையின் மேல்பூச்சு எது என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது. பின்தகட்டின் ஓரத்திலோ குழல் படியும் உட்புறத்தின் விளிம்பிலோ ஒரு சொட்டு ஆல்கஹால் வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் பிசுபிசுத்தால் அரக்கு பாலிஷ். லேக்கர் தின்னருக்கு மட்டும் இளகினால் லேக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் எண்ணெய், வார்னிஷ், அல்லது 1960களுக்குப் பின் வந்த கடின பிளாஸ்டிக் பூச்சு.

முதல் வழி இங்கேயும் எளிதுதான். டர்பென்டைனில் நனைத்த துணியால் அழுக்கை எடுங்கள். பிடிவாதமான இடத்துக்கு 0000 இரும்புப் பஞ்சு, அழுத்தாமல். செக்கரிங்கில் அதே டர்பென்டைனும் பழைய பல்துலக்கியும், கோட்டின் போக்கிலேயே. காய்ந்ததும் மெழுகு. கறுத்து அடைந்திருந்த கட்டையின் அடியில் வால்நட் மரத்தின் ரேகை வெளியே வருவதைப் பார்த்தபிறகு, பலருக்கு உரிக்கும் எண்ணமே போய்விடும். போகட்டும்.

அமுங்கிய பள்ளங்களை எழுப்ப உப்புத்தாள் வேண்டாம். பருத்தித் துணியை நனைத்து இரண்டாக மடித்துப் பள்ளத்தின் மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையை ஐந்து முதல் பத்து நொடி அழுத்துங்கள். ஆவி புகுந்து, நசுங்கிய நார் உப்பிவரும். மூன்று நான்கு முறை செய்யலாம். வெட்டுப்பட்ட நார் எழாது, அதற்கு ஒட்டுதான். அரக்குப் பூச்சு இருந்தால் ஆவியில் வெளுக்கும். அங்கே மட்டும் பூச்சை எடுத்துவிட்டுச் செய்ய வேண்டும்.

ரிசீவருக்குப் பின்னால் எண்ணெய் ஊறிய மரம் அழகுப் பிரச்சினை அல்ல. துப்பாக்கியை நிமிர்த்தி வைத்ததால் பல பத்தாண்டுகள் எண்ணெய் கீழே இறங்கி நாரை மெத்தென்று ஆக்கியிருக்கும். ஒவ்வொரு சூட்டிலும் பின்னுதைப்பு அந்த மரத்தை நசுக்கும். சாக்கட்டி மாவை அசிட்டோனில் குழைத்து 3 முதல் 5 மி.மீ. தடிமனில் அப்புங்கள். காய்ந்ததும் மாவு பழுப்பாகியிருக்கும். உதிர்த்துவிட்டு மறுபடி. முடி உலர்த்தியால் இலேசாகச் சூடு காட்டினால் இன்னும் எண்ணெய் மேலே வரும். ஆறேழு தடவை ஆகும். அசிட்டோன் தீப்பிடிக்கும், ஆகவே சூடு காட்டுவதும் அசிட்டோன் பூசுவதும் ஒரே நேரத்தில் கூடாது. திறந்த வெளியில் முற்றிலும் ஆவியான பிறகே சூடு. காஸ்டிக் கலந்த அடுப்புத் துப்புரவு நுரையைச் சிலர் போடுகிறார்கள். எண்ணெய் போகும், கூடவே மரத்தின் நிறமும் உயிரும் போகும்.

ரிசீவரின் வாலுக்கு (மரத்துக்குள் பின்னோக்கி நீளும் பகுதி) பின்னால் விரிசல் இருந்தால் காரணத்தைச் சரிசெய்யாமல் பசை மட்டும் போட்டால் மீண்டும் வெடிக்கும். பின்னுதைப்பைத் தாங்க வேண்டிய முன்பல் (ரிசீவரின் அடியில் நீட்டி நிற்கும் உலோகப் பல்) மரத்தோடு ஒட்டி உட்காராமல், வால் ஆப்புபோல மரத்தைப் பிளக்கிறது. விரிசலை அசிட்டோனால் கழுவி, மெதுவாக இறுகும் எப்பாக்ஸியை உள்ளே செலுத்தி இறுக்கிக் கட்டுங்கள். ஐந்து நிமிட வகை நாருக்குள் போவதற்குள் கட்டியாகிவிடும். முன்பல்லின் பின்புறம் எப்பாக்ஸி வைத்துப் படிய வையுங்கள். வாலுக்குப் பின்னால் அரை முதல் ஒரு மி.மீ. இடைவெளி விடுங்கள். எப்பாக்ஸி வைக்கும் முன் உலோகம் முழுக்க மெழுகு பூசி, துளைகளையும் பள்ளங்களையும் களிமண்ணால் அடைக்க வேண்டும். ஒரு துளையை மறந்தாலும் ரிசீவர் கட்டையோடு பிரிக்க முடியாமல் ஒன்றாகிவிடும்.

உரிப்பதென்று முடிவானால், இரசாயன உரிப்பானால் பூச்சை எடுத்து, உப்புத்தாளை முடிந்தவரை குறையுங்கள். பின்தகட்டைப் பூட்டியபடியே, தட்டைக் கட்டையில் சுற்றிய 220 எண் தாளில் தொடங்கி 320 வரை. ரிசீவர் உட்காரும் குடைவின் விளிம்பைத் தொடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் நார் மயிர்போல எழும், காய்ந்தபின் 320ஆல் வெட்டுங்கள். நார் எழுவது நிற்கும் வரை இரண்டு மூன்று முறை.

எந்த எண்ணெய்

காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் தான் பழைய வேட்டை ரைஃபிள்களின் மரபு. காய்ச்சியது என்று பெயரே தவிர, உலர்த்தும் உலோக உப்புகள் கலந்த வகை. பச்சையாகப் பிழிந்ததை வாங்கினால் வாரக் கணக்கில் ஒட்டும். முதல் கையை, அதாவது முதல் பூச்சை, டர்பென்டைனோடு சரிபாதி கலந்து பூசி, அரை மணியில் மிச்சத்தைத் துடைக்க வேண்டும். பிறகு ஒரு நாளைக்குச் சில சொட்டு, உள்ளங்கைச் சூட்டில் தேய்ப்பது. பத்துப் பதினைந்து கை. மரத்தின் உள்ளிருந்து வரும் அந்த மங்கிய ஒளி வேறு எதிலும் கிடைக்காது, கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி தேய்த்தால் போதும். குறை என்னவென்றால் காற்றின் ஈரத்தை அது சரியாகத் தடுப்பதில்லை. டங் எண்ணெய் நீர்த்துளியைக் கொஞ்சம் நன்றாகத் தாங்கும், ஆனால் கைக்குக் கை மூன்று நாள் இடைவெளி வேண்டும்.

ட்ரூ-ஆயில் போன்றவை எண்ணெயும் வார்னிஷும் கலந்த இனம். விரல்நுனியில் மூன்று நான்கு சொட்டு, ஒரு கை காய நான்கு மணி நேரத்திலிருந்து ஒரு இரவு. முதல் இரண்டு கையை 400 எண் தாளால் ஈரமாகவே தேய்த்தால் மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து நுண்துளைகளை அடைக்கும். எட்டுப் பத்து கையில் பளபளப்பு வரும். பழைய ரைஃபிளுக்கு அந்தப் பளபளப்பு அதிகம், கடைசியில் 0000 பஞ்சால் மங்கவையுங்கள். தடித்துப் பூசினால் உள்ளே காயாமல் கோந்துபோல் நிற்கும். முதல்முறை செய்பவருக்கு எங்கள் பரிந்துரை இதுதான். பொறுமை இருப்பவருக்கு ஆளிவிதை.

பாலியூரித்தேன் வெளியே வேண்டாம். கண்ணாடித்தாள் ஒட்டியதுபோல் தோன்றும், சில்லு பெயர்ந்தால் அங்கே மட்டும் சரிசெய்ய முடியாது. ஆனால் பின்தகட்டுக்கு அடியிலுள்ள வெட்டுமுகத்திலும் குழல் படியும் குடைவிலும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மெல்லிய இரண்டு கை பாலியூரித்தேனோ அரக்கோ பூசுங்கள். ஈரம் பெரும்பாலும் அந்த வெட்டுமுகத்தின் வழியாகத்தான் ஏறுகிறது. வெளியே என்ன எண்ணெய் போட்டாலும் இதைச் செய்தால் கட்டை வளைவது குறையும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளியாகும். குவியலுக்குள் சூடு தேங்கித் துணி தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது நீர் நிரப்பிய தகர டப்பாவில் மூழ்கவிடுங்கள்.

எந்த ரைஃபிளுக்கு எது

அசல் திருகுகளும் எழுத்தும் பாதிக் கருநீலமும் எஞ்சியிருக்கும், யாரும் கைவைக்காத ரைஃபிள்: கொதிக்கவைத்துத் துலக்கி, மரத்தைக் கழுவி மெழுகிடுவதோடு நிறுத்துங்கள். 1964க்கு முந்தைய வின்செஸ்டர் 70 போன்றவற்றில் சேகரிப்பவர்கள் தேடுவதே தேயாத மேற்பரப்பைத்தான்.

தொலைநோக்கிக்காகப் பிற்காலத்தில் துளையிட்டது, கட்டையை வெட்டி ரப்பர் வைத்தது, ஒருமுறை பாலிஷ் போட்டு எழுத்து மழுங்கியது: இவற்றில் காக்க வேண்டிய அசல் ஏற்கெனவே குறைந்துவிட்டது. தாராளமாக முழுதும் புதுப்பிக்கலாம். துருக் கருநீலமும் எண்ணெய்ப் பூச்சும் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடமில்லை.

குழி விழுந்த துரு என்றால் ஆழத்தைப் பாருங்கள். நகம் தடுக்காத குழியைத் தேய்த்து எடுக்கலாம். தடுக்கும் குழியை முழுதும் எடுக்க முயன்றால் அதற்குள் எழுத்தும் குழலின் வடிவமும் போய்விடும். கருநீலத்துக்குள் குழி இருக்கட்டும். மரத்துக்கு அடியில் மறைந்திருக்கும் குழலின் அடிப்பக்கம் இப்படித்தான் பெரும்பாலும் அரித்திருக்கும். குழி மிக ஆழமாக, சேம்பருக்கு அருகில் இருந்தால், குழல் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்பதைத் தேர்ந்தவர் பார்த்துச் சொல்லும் வரை சுடக் கூடாது.

உலோகம் ஒரு வழியிலும் மரம் இன்னொரு வழியிலும் போகலாம். உலோகத்தைக் காத்து, பிற்காலத்தில் யாரோ பிளாஸ்டிக் பூச்சு அடித்த கட்டையை மட்டும் உரிப்பது நியாயமான முடிவு. மங்கிய குழலோடு புத்தம் புதுக் கட்டை ஒட்டாமல் தெரியும் என்பதால் எண்ணெயைப் பளபளக்கவிடாமல் நான்கைந்து கையோடு நிறுத்தி, மங்கவைக்க வேண்டும்.

பூட்டியபின் மூன்றாம் நாளும், பிறகு இரண்டாவது வாரமும் கட்டையைக் கழற்றிக் குழலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். துருக் கருநீலத்தில் அமிலம் முழுதும் அடங்கியிருக்காவிட்டால் அங்கேதான் முதலில் செம்புள்ளிகள் எழும். எழுந்தால் எண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தெடுத்து, மீண்டும் எண்ணெயிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். அப்போதும் எழுந்தால் சோடா நீரில் ஒரு கொதிப்பு கொடுத்து, மறுபடி எண்ணெயில் ஊறவைக்க வேண்டியதுதான்.